சொட்டுக்காரர் வீட்டு ஈரம்

“உங்க வாஷர்தான். வேற யாரு? நானா?”

“நீன்னு யாரு சொன்னா? கண்ணால பார்த்தியான்னுதான் கேட்டேன்.”

“பார்க்கணுமா? ஒன்பது நாளா ஒரே இடம், ஒரே நேரம். இப்பகூட அந்த ஈரத்துல மூக்கை வச்சுக்கிட்டு நிக்கிறான். இதுக்கு மேல என்ன வேணும், எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமா அவன்?”

“கத்தாதே. தெருவுக்கே கேக்குது.”

“கேக்கட்டும். இந்தத் தெருவுக்குத் தெரியாதது என்ன இருக்கு?”

அது வாஸ்தவம்தான். ஹால் ஜன்னல் திறந்திருந்தது. எதிர்வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் அதே தொட்டிக்கு மூன்றாம் தடவையாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

செருப்பு ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்ற மகள், நனைந்த சாக்ஸை இரண்டு விரலால் உரித்து எடுத்தாள். “சண்டையை சாயங்காலம் வச்சுக்கோங்க. எனக்கு இப்ப வேற சாக்ஸ் வேணும். ஒன்பது மணிக்கு முதல் பேஷண்ட்.”

குற்றவாளி ஈரத்திலிருந்து மூக்கை எடுத்தான். வலது காது நிமிர்ந்தும் இடது காது மடிந்தும் இருக்கும் தவிட்டு நிற நாய். பெயர் வாஷர். மூன்று வருஷத்துக்கு முன் யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறையில் வேலை முடித்துவிட்டுத் திரும்பிய பிளம்பர், கருவிப் பையைத் திறந்தபோது, ரப்பர் வாஷர்களுக்கு நடுவே இவனும் ஒரு வளையம்போல் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தான். எங்கே ஏறினான், யார் ஏற்றினார்கள் என்பது இன்றுவரை தெரியாது. பையில் இருந்ததால் பெயரும் அதுவே ஆயிற்று.

வீட்டுக்காரரான அந்தப் பிளம்பருக்கும் தெருவில் ஒரு பெயர் உண்டு. சொட்டுக்காரர். “நான் போட்ட ஜாயிண்ட்ல ஒரு சொட்டு கசிஞ்சா இந்தத் தொழிலையே விட்டுடறேன்” என்று போகிற வீட்டிலெல்லாம் சொல்வார். பில் கொடுக்க மறந்தாலும் இதைச் சொல்ல மறக்கமாட்டார். அவர் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கைப் பதினெட்டு வருஷமாக மிதித்துவருகிறார். அதனால் பிரேக்கம்மா. கோபம் வந்தால் வீட்டிலும் அவர் வலது கால் தரையை ஓர் அழுத்து அழுத்தும். மற்றவர்கள் முகத்தைப் பார்த்து அவர் மனநிலையைக் கணிப்பார்கள். வாஷர் காலைப் பார்ப்பான். முகத்துக்கு முன்னால் காலுக்கு விஷயம் தெரிந்துவிடும்.

இப்போது அந்தக் கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

அது தண்ணீர் என்பதை எப்படிச் சொல்வது? கொஞ்சம் துரு, கொஞ்சம் சிமெண்ட், மற்றபடி வெறும் தண்ணீர். தெருமுனையில் நிற்கும் நாயைக் கேட்டால்கூட நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடும். மனிதர்களுக்கு முகத்தின் நடுவே அவ்வளவு பெரிய மூக்கை எதற்காக வைத்திருக்கிறது என்று வாஷர் பலமுறை யோசித்திருக்கிறான். மூக்குக்கண்ணாடி நிற்பதற்காக இருக்கலாம்.

பிரேக்கம்மாவையும் குறை சொல்ல முடியாது. துரு கலந்து மஞ்சளாகத் தெரிந்தது. மூன்று நாய் இருக்கும் வீட்டில் தரையில் மஞ்சளாகத் தேங்கினால் யாரும் குனிந்து முகர்ந்து பார்ப்பதில்லை. எலுமிச்சை வாசனை பினாயில் பாட்டிலோடுதான் அவர் ஹாலுக்குள்ளேயே வருவார். ஊற்றிய பிறகு எந்த மூக்கும் எதுவும் சொல்லாது. வாஷர் செய்த ஒரே தப்பு, பினாயில் வருவதற்குள் நக்கித் துடைத்து வைத்துவிடலாம் என்று பார்த்தது. உதவி செய்யப் போனவன் கையும் களவுமாக, இல்லை, நாக்கும் களவுமாக, ஒன்பது நாளும் அகப்பட்டான்.

புது சாக்ஸை மாட்டிக்கொண்டே மகள் சுவரைப் பார்த்தாள். அந்தச் சுவருக்குப் பின்னால் குளியலறை.

“அப்பா, சுவருக்குள்ள பைப் எதுவும் ஒழுகுதோ?”

எதிர்வீட்டில் தண்ணீர் ஊற்றுவது நின்றது.

சொட்டுக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். “எது? இந்த பைப்பா? போன மாசம் நான் போட்டது. என் கையால போட்டது.”

“இல்லப்பா, சும்மா...”

“இருபத்தாறு வருஷமா போட்டுக்கிட்டிருக்கேன். ஒரு வீட்டுல இருந்து ஒரு போன் வந்ததில்ல.”

“அப்ப வாஷர்தானே?” என்றார் பிரேக்கம்மா. “ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. பைப்பா, நாயா?”

இதுதான் அந்த வீட்டின் சிக்கல். நாய் இல்லை என்றால் பைப். பைப் இல்லை என்றால் நாய். மனிதர் சுவரைப் பார்த்தார், வாஷரைப் பார்த்தார், மறுபடியும் சுவரைப் பார்த்தார். வாஷர் வாலை இரண்டு முறை தரையில் தட்டினான். மூன்று வருஷமாக முன் இருக்கையில் பக்கத்தில் உட்கார வைத்து ஊரெல்லாம் அழைத்துப் போன மனிதர். தன் ரொட்டியின் ஓரத்தை யாருக்கும் தெரியாமல் மேஜைக்குக் கீழே நீட்டுகிற மனிதர்.

“பைப் இல்ல” என்றார் சொட்டுக்காரர்.

வாஷரின் வால் நின்றது.

“சரி” என்றார் பிரேக்கம்மா. “ஞாயித்துக்கிழமை தம்பி வர்றான். குடோனுக்குக் காவலுக்கு ஒரு நாய் வேணும்னு ஆறு மாசமா கேட்டுக்கிட்டிருக்கான். கூட்டிட்டுப் போகட்டும். அங்க எங்க வேணும்னாலும் ஒண்ணுக்குப் போய்க்கட்டும்.”

அன்று வியாழக்கிழமை.

தம்பியை வாஷருக்குத் தெரியும். நல்ல மனிதர்தான், பிஸ்கட் வாங்கி வருவார். ஆனால் அவர் கால்சட்டையில் அந்தக் குடோனின் வாசனை இருக்கும்: இரும்பு, டீசல், நனைந்த அட்டைப்பெட்டி, அப்புறம் இதற்கு முன் அங்கே கட்டிக் கிடந்த ஒரு நாய். அந்த நாயின் வாசனையில் வேறு யாருடைய வாசனையும் கலந்திருக்காது. ஒரு கை தொட்ட வாசனை கூட இல்லை. வாஷருக்கு அதை நினைத்தால் முதுகு முடி சிலிர்த்துக்கொள்ளும்.

வீட்டில் மற்ற இருவர், அதாவது மற்ற இரண்டு நாய்கள், இந்தத் தீர்ப்பை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்றும் சொல்ல வேண்டும்.

பெரியவர் எடுத்துக்கொள்ளவே இல்லை. பதிமூன்று வயது, கறுப்பு, மூஞ்சியெல்லாம் நரை. காது சுத்தமாகக் கேட்காது. ஆனாலும் வாசல் மணி அடித்தால் குரைக்கும் உரிமை அவருக்குத்தான். மற்ற இருவரும் எழுந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, யாரோ வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, வந்தவர் உள்ளே வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்து முடித்த பிறகு கம்பீரமாக இரண்டு முறை குரைப்பார். அதுவரை இளையவர்கள் வாயைத் திறக்கக் கூடாது.

சீமாட்டி கதை வேறு. வெள்ளை, சடை, கைப்பை அளவு. வெளிநாட்டுக்குப் போன ஒரு குடும்பம் விட்டுவிட்டுப் போனது. வந்த நாளே சோபாவின் ஜன்னலோர மெத்தையைப் பிடித்தவள்தான். மாமியார் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொள்வதைப்போல அதைத் தனக்கென்று வைத்துக்கொண்டாள். சோறு வைத்தால் மூன்று கிண்ணத்தையும் முகர்ந்து பார்த்துவிட்டு, தன்னுடையதையே சாப்பிடுவாள். வாஷர் நடுமெத்தையில் ஒரு கால் வைத்தால், ஒன்றும் செய்யமாட்டாள், மேலுதட்டை மட்டும் ஒரு ஓரத்தில் தூக்குவாள். புதிதாக வந்த மருமகள் மூன்று வருஷம் ஆனாலும் புதிதாக வந்த மருமகள்தான் என்பது அந்த உதட்டின் பொருள்.

அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். சுவருக்குள் டிக், டிக் என்று சொட்டுவது அவளுக்கும் கேட்டது. விடியற்காலையில் யாரும் குழாய் திறக்காமல் இருக்கும்போது பைப்பில் அழுத்தம் கூடி, சத்தம் வேகமாக வரும். காலையில் எல்லோரும் குளிக்க ஆரம்பித்ததும் அடங்கிவிடும். வாஷர் சுவரிடம் போய் நின்று அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் கொட்டாவி விட்டாள். நடுமெத்தையும் காலியானால் காலை நீட்டிப் படுக்கலாமே.

வெள்ளிக்கிழமை வாஷர் ஒரு முடிவுக்கு வந்தான். வாயால் சொல்ல முடியாவிட்டால் கையால் காட்டுவது. செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் புகுந்து, சத்தம் வரும் இடத்தை முன்னங்கால்களால் பிராண்டினான். பெயிண்ட் உரிந்தது, சிமெண்ட் பொடி கொட்டியது, ஒரு ஜோடி செருப்பு தலையில் விழுந்தது.

“என்னங்க, வந்து பாருங்க உங்க பிள்ளை லட்சணத்தை” என்று பிரேக்கம்மாவின் குரல் கேட்டது. “இப்ப சுவரையும் பிராண்ட ஆரம்பிச்சுட்டான்.”

குற்றப்பத்திரிகையில் ஒரு வரி கூடியதுதான் மிச்சம்.

சொட்டுக்காரர் வந்து பார்த்தார். சுவரில் காதை வைத்துப் பார்க்கலாம் என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கழுத்து அந்தப் பக்கம் சாய்ந்தது. பிறகு நிமிர்ந்துகொண்டது. ஒரு விஷயம் தெருவுக்கு அரசல் புரசலாகத் தெரியும், வீட்டில் யாரும் பேசுவதில்லை: இருபத்தாறு வருஷம் டிரில் மெஷின் பிடித்ததில் மனிதருக்கு வலது காது மந்தம். கதவு மணி அடித்தால் பெரியவரைப்போலவே அவரும் மற்றவர்கள் எழுந்திருப்பதைப் பார்த்துத்தான் எழுந்திருப்பார்.

“வாடா” என்றார் வாஷரிடம், திட்டாமல். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

சனிக்கிழமை மகள் வேலை பார்க்கும் பல் கிளினிக்கிலிருந்து போன் வந்தது. வரவேற்பறைச் சுவர் ஊறிப்போய், காலண்டர் மாட்டிய ஆணி தானாகவே கழன்று விழுந்துவிட்டதாம். நோயாளிகள் போன பிறகு மதியம் வந்தால் நல்லது.

“இவனையும் கூட்டிட்டுப் போறேன்” என்றார் சொட்டுக்காரர். “கடைசியா ஒரு நாள் வண்டியில வரட்டும்.”

“தாராளமா. வீட்டுல விட்டுட்டுப் போகாதீங்க, அதுதான் எனக்கு வேணும்” என்று சொல்லிவிட்டுப் பிரேக்கம்மா அன்றைய ஐந்து மாணவர்களின் பட்டியலோடு கிளம்பினார்.

கிளினிக்கில் மகள் ஏற்கெனவே கடைத்தெருவுக்குக் கிளம்பிப் போயிருந்தாள். பின்னறையில் பல் செட் செய்யும் இளைஞர் மட்டும் இருந்தார். மாவு படிந்த ஏப்ரன், நெற்றிக்கு ஏற்றிய கண்ணாடி. அவருக்குப் பின்னால் அலமாரி நிறைய வெள்ளை மாவில் வார்த்த தாடைகள். வாஷர் வாசலிலேயே நின்றுவிட்டான். நாற்பது வாய் திறந்திருக்கிறது, ஒன்றிலிருந்தும் மூச்சு வாசனை வரவில்லை. இப்படி ஒரு இடத்தை அவன் பார்த்ததில்லை.

“கடிக்காதுடா, வா” என்றார் பல் செட்டுக்காரர். “கடிக்கிறதுக்கு இன்னும் ரெண்டு நாள் ஆகும், பாலிஷ் போடலை.”

சொட்டுக்காரர் வேலையில் இறங்கினார். பெரிய ஸ்க்ரூ டிரைவரின் நுனியைச் சுவரில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைப்பதுபோல ஒவ்வொரு அடியாக நகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வைத்தது வலது காதில்.

“இங்க” என்று ஜன்னலுக்குக் கீழே காட்டினார்.

உடைத்தார். உலர்ந்த செங்கல்.

“அப்படின்னா இங்க.”

இரண்டாவது டைலும் போயிற்று. உள்ளே ஒரு பழைய பேனா மூடி இருந்தது, தண்ணீர் இல்லை. பல் செட்டுக்காரர் துடைப்பத்தை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார்.

வாஷருக்கு வந்ததிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தது. சொட்டுவது இல்லை இது, சீறுவது. கை கழுவும் பேசினுக்குக் கீழே, இடது ஓரம். ஆனால் நேற்று பிராண்டி வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் மறக்கவில்லை. போனான், உட்கார்ந்தான், மனிதரைப் பார்த்தான். மனிதர் மூன்றாவது இடத்தில் உளியை வைத்துக்கொண்டிருந்தார். வாஷர் ஒரு காலை மட்டும் தூக்கி, சுவரில் ஒரே ஒரு தடவை, மெதுவாகக் கீறினான். இன்னொரு தடவை. பிறகு பொறுமை போய்விட்டது. இரண்டு காலாலும் ஆரம்பித்தான்.

“டேய், டேய்” என்று சொட்டுக்காரர் உளியோடு திரும்பினார்.

“சார், ஒரு நிமிஷம்” என்றார் பல் செட்டுக்காரர். “அவன் வந்ததிலேர்ந்து அந்தப் பக்கமே காதைத் திருப்பிக்கிட்டு இருக்கான். அங்க ஒரு தட்டு தட்டிப் பார்க்கலாமா? எப்படியும் ரெண்டு டைல் போயிடுச்சு.”

சொட்டுக்காரர் தட்டினார். டைல் முழுசாக விழுவதற்குள் நூல்போல ஒரு நீர்க்கோடு பீறிட்டு அவர் மூக்குக்கண்ணாடியில் அடித்தது.

பல் செட்டுக்காரர் ஓடிப்போய் வால்வை மூடினார். “சூப்பர் சார் உங்க நாய். காதாலேயே கண்டுபிடிக்கிறான். வீட்லயும் இப்படிச் சுவரைப் பிராண்டுவானா?”

சொட்டுக்காரர் கண்ணாடியிலிருந்து தண்ணீர் வழிய அப்படியே உட்கார்ந்திருந்தார். வாஷர் அவர் முகத்தைப் பார்த்தான். ஒரு மனிதரின் முகத்தில் கணக்கு ஒன்று மெல்ல மெல்லக் கூட்டப்பட்டு, கடைசியில் கூட்டுத்தொகை வந்து, அது பிடிக்காமல் மறுபடி கூட்டப்பட்டு, அதே தொகை மறுபடி வருவதைப் பார்த்தான்.

அந்த வேலையை முடித்துவிட்டு வீட்டுக்கு வண்டி ஓட்டிய வேகத்தைப் பிரேக்கம்மா பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

வீட்டில் யாரும் இல்லை, நாய்களைத் தவிர. செருப்பு ஸ்டாண்டை நகர்த்தி, வாஷர் பிராண்டிய அதே இடத்தில் உளியை வைத்தார். ஒரு முழம் உடைப்பதற்குள் ஈரச் செங்கல். அதற்குள் அவர் கையால் போட்ட எல்போ, பைப்பை வளைத்துத் திருப்பும் மூட்டு. முனையில் ஒரு சொட்டு உருண்டு திரண்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்து, விழுந்தது.

கழற்றினார். மரைமேல் சுற்றியிருந்த வெள்ளை டேப் கொத்தாகக் கழன்று கையோடு வந்தது. மனிதர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் என்னவென்றால், டேப்பை மரை திருகும் பக்கமாகச் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால், திருகத் திருக அது பிரிந்துகொண்டே போகும். தொழிலுக்கு வருகிறவனுக்கு முதல் நாள் முதல் பாடம் இது. இந்தப் பாடத்தைச் சொட்டுக்காரர் கல்யாண வீடுகளில்கூட, கேட்காதவர்களுக்கெல்லாம் விளக்கியிருக்கிறார். போன மாதம் இந்த எல்போவைப் போடும்போது ஒரு தோளில் போனை இடுக்கிக்கொண்டு, இன்னொரு பிளம்பரின் வேலையைப் பற்றி யாரிடமோ நக்கலடித்துக்கொண்டிருந்தார். வாஷர் அப்போது பக்கத்தில்தான் இருந்தான். டேப் உருளை உருண்டு போனபோது எடுத்துக் கொடுத்ததே அவன்தான்.

அரைமணி நேரத்தில் புது எல்போ, புது டேப், சீக்கிரம் காயும் சிமெண்ட், மேலே ஒரு பூச்சு பெயிண்ட். ஸ்டாண்டை அதன் இடத்தில் வைத்துச் செருப்புகளை அடுக்கினார். பழைய எல்போவைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சீமாட்டி சோபாவிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர், இவ்வளவு உளிச் சத்தத்துக்கும் அசையாமல் தூங்கினார்.

“இனிமே ஈரம் வராது” என்று வாஷரின் கழுத்தைச் சொறிந்தார். “வரலைன்னா உன்னை எதுக்கு அனுப்பப் போறா? விஷயம் அவ்வளவுதான். நமக்குள்ள இருக்கட்டும்டா.”

வாஷருக்கு இது சரியாகப்பட்டது. சத்தம் நின்றுவிட்டது. அவன் வியாழக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாகக் காலை நீட்டிப் படுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பிரேக்கம்மா பினாயில் பாட்டிலோடு ஹாலுக்கு வந்தார். தரை காய்ந்து கிடந்தது. குனிந்தார். கையால் தொட்டுக்கூடப் பார்த்தார். சொட்டுக்காரர் செய்தித்தாளுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“பார்த்தீங்களா?” என்றார் பிரேக்கம்மா.

“ஆமா, காஞ்சிருக்கு. நான் அப்பவே சொன்னேன், அவன் திருந்திடுவான்னு...”

“அதைத்தான் சொல்றேன். போகப் போறோம்னு தெரிஞ்சதும் எவ்வளவு ஒழுங்கா இருக்கான் பாருங்க. அப்ப இவ்வளவு நாள் வேணும்னே செஞ்சிருக்கான். எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச சந்தேகமும் போயிடுச்சு.”

வாஷர் பிரேக்கம்மாவின் காலைப் பார்த்தான். தரையை நன்றாக ஊன்றி அழுத்திக்கொண்டிருந்தது. ஈரம் இருந்தாலும் குற்றம், இல்லாவிட்டாலும் குற்றம்.

பத்து மணிக்குத் தம்பி வந்தார். புதுச் சங்கிலி, ஒரு பாக்கெட் பிஸ்கட், வண்டியின் பின்பக்கத்தில் விரித்த சாக்கு.

“எங்கக்கா நம்ம ஆளு?”

“அதோ, ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருக்கான் பாரு.”

சொட்டுக்காரர் எழுந்தார். “மச்சான், அவனுக்கு நேத்துலேர்ந்து ஜலதோஷம்.”

“நாய்க்கு ஜலதோஷமா அத்தான்?”

“வண்டியில டயர் காத்து கம்மியா இருக்கு போலிருக்கே.”

“இப்பத்தான் அடிச்சேன்.”

“வெயில் இறங்கட்டுமே. சாப்பிட்டுட்டுப் போயேன்.”

“என்னங்க உளர்றீங்க?” என்றார் பிரேக்கம்மா. “மணி பத்து. காலைச் சாப்பாடும் இல்ல, மதியச் சாப்பாடும் இல்ல.”

சங்கிலி கழுத்தில் விழுந்தது. குளிர்ந்த இரும்பு. வாஷர் முரண்டு பிடிக்கவில்லை. ஹாலைக் கடக்கும்போது சோபாவைப் பார்த்தான். சீமாட்டி எழுந்து நின்றிருந்தாள். உதடு தூக்கவில்லை. வாசலுக்கு வந்தான். படி இறங்கினான். தம்பி அவனைத் தூக்கிச் சாக்கின்மேல் வைத்தார். அந்தச் சாக்கில், யார் கையும் தொடாத அந்த நாயின் வாசனை இருந்தது. வாஷர் சாக்கின் ஓரத்துக்கு ஒதுங்கினான்.

மகள் மாடியிலிருந்து இறங்கி வந்து வாசலில் நின்றாள். கண் சிவந்திருந்தது. “அப்பா” என்றாள்.

தம்பி பின்கதவைச் சாத்தப் போனார். சொட்டுக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டைச் சுருட்டை எடுத்துத் தம்பியின் உள்ளங்கையில் வைத்தார்.

“கூட்டிட்டுப் போறதா இருந்தா இதைக் கூட்டிட்டுப் போ மச்சான். இத்தனை நாளும் ஹாலை நனைச்சது இதுதான்.”

தம்பி பிரித்தார். பழைய எல்போ, அதன்மேல் பாதி உரிந்த வெள்ளை டேப், வால்போல ஒரு துண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

“இது என்ன அத்தான்?”

“நான் போட்ட ஜாயிண்ட்.”

எதிர்வீட்டில் இன்று செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதாகக்கூட யாரும் பாவனை செய்யவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நேராகவே பார்த்தார்கள்.

பிரேக்கம்மா வந்து எல்போவை வாங்கினார். பிளம்பரோடு இருபத்து நான்கு வருஷம் குடித்தனம் நடத்தியவர். திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொங்கிய டேப்பை ஒரு விரலால் சுற்றிப் பார்த்தார். “எந்தப் பக்கம் சுத்தினீங்க?”

சொட்டுக்காரர் வண்டிக் கதவில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

“கேக்குறேன்ல.”

“எதிர்ப்பக்கம்” என்றார் சொட்டுக்காரர், தன் செருப்பிடம்.

“எப்ப தெரிஞ்சுது?”

“நேத்து. சரி பண்ணிட்டேன். அதான் காலையில காஞ்சிருந்துச்சு.”

“நேத்தே தெரிஞ்சும் சங்கிலி கட்டற வரைக்கும் பார்த்துக்கிட்டு இருந்தீங்க.”

“சொல்லணும்னுதான் இருந்தேன். வாய் வரலை.”

வாஷர் சாக்கின்மேல் நின்றபடியே பிரேக்கம்மாவின் காலைப் பார்த்தான். கால் தரையை அழுத்தியிருந்தது. அழுத்தியது அழுத்தியபடியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு குதிகால் மெல்ல மேலே எழுந்தது. முழங்கால் மடங்கியது. அம்மாள் வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்து, எல்போவை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்கும் சிரிப்பு. மகளும் சேர்ந்துகொண்டாள். தம்பிக்கு எதற்கென்று பிடிபடாமலே சிரிப்பு வந்துவிட்டது. சொட்டுக்காரர் மட்டும், சிரிக்கலாமா கூடாதா என்று உத்தரவுக்குக் காத்திருப்பவர்போல நின்றார்.

“இறங்குடா ராஜா” என்றார் பிரேக்கம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “இத்தனை நாளா உன்னை நான் பேசாத பேச்சு இல்ல. இறங்கி வா.”

சங்கிலி கழன்றது. வாஷர் குதித்து இறங்கினான். வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது என்பார்கள். அவனுக்கு வேறு விதமாக இருந்தது. விடியற்காலையிலிருந்து பயத்தில் எங்குமே போகாதவன். வண்டியின் பின்சக்கரத்துக்கு நேராகப் போய்க் காலைத் தூக்கினான். போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. இரண்டு வீட்டுக்காரர்களும் ஒரு தம்பியும் மரியாதையோடு காத்திருந்தார்கள்.

“இதுதான் மஞ்சள்” என்றாள் மகள். “இப்ப வித்தியாசம் தெரியுதாம்மா?”

அப்போதுதான் ஹாலிலிருந்து பெரியவர் கம்பீரமாக இரண்டு முறை குரைத்தார். தம்பி வந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

அதன்பிறகு நடந்தது தெருவுக்கே தெரியும். சொட்டுக்காரர் தொழிலை விடவில்லை. அந்தச் சபதத்தை மட்டும் விட்டார். வலது காதுக்கு டாக்டரைப் பார்த்து, தோல் நிறத்தில் ஒரு மெஷின் வைத்துக்கொண்டார். அது வந்த முதல் வாரம் வீட்டில் எல்லோரும் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறார்கள் என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே இருந்தார். கண்ணுக்குத் தெரியாத ஒழுக்கு என்றால் வாஷரோடுதான் போகிறார். இப்போதெல்லாம் ஆட்கள் போன் செய்யும்போதே, “நாய் வருமா?” என்று கேட்கிறார்கள். வராது என்றால் வேறு நாள் கேட்கிறார்கள்.

தம்பியின் குடோனைக் கம்பெனி துறைமுகத்துப் பக்கம் மாற்றிவிட்டது. அவரும் வீட்டைக் காலி செய்துகொண்டு அங்கேயே போய்விட்டார். காவலுக்குக் கேமரா வைத்துவிட்டார்களாம்.

பல் செட்டுக்காரர் திங்கட்கிழமை கிளினிக்கில் மகளிடம் “உங்க வீட்டு நாய்...” என்று ஆரம்பித்திருக்கிறார். நாயைப் பற்றிப் பேச எவ்வளவு இருக்கும்? அவர்களுக்கு எட்டு மாதம் பேச இருந்தது. அவர்கள் கல்யாணம் சிக்கனமாக, அழகாக நடந்தது. மகள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடிபோனாள். போகும்போது, தனியாக இருக்கக் கஷ்டமாக இருக்கும் என்று சீமாட்டியையும் தூக்கிக்கொண்டு போனாள். புது வீட்டில் சோபா இல்லையாம், இரண்டு நாற்காலிதானாம். அதில் ஒன்று சீமாட்டிக்கு என்று முதல் நாளே முடிவாகிவிட்டதாகவும், மாப்பிள்ளை நின்றுகொண்டேதான் டீ குடிக்கிறார் என்றும் கேள்வி.